ஏணிக்குப் போட்டவர்கள்

சேசு மரி சூசை துணை

பேசாலை,
6.4.1983

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் திங்கட்கிழமை பின்னேரம் வந்து சேர்ந்தோம். சங்குப்பிட்டியில் பஸ்சை ஏற்றிக் கடல் கடக்கிற பாதைத் தோணி பழுதாகி வெயிலில் நெடுநேரம் நின்றதால் பிள்ளைக்குத் தலையிடி. இப்போது சுகம். ஏன் வந்தாய் என்று அம்மா கேட்கவில்லை. பெட்டியின் பாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு உலை வைக்கக் குசினிக்குள் போய்விட்டா.

பஸ்சடியில் நீங்களும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாமல் வந்ததை எழுதுகிறேன்.

மாநகர சபைத் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது நான் மறிக்கவில்லை. கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளராக நீங்கள் எழுதிய மனுக்கள் எனக்குத் தெரியும். இறங்குதுறைக்கு ஒரு விளக்கு, எங்கள் தெருக்களுக்குத் தண்ணீர்க் குழாய். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. எங்கள் பெரிய கட்சிக்காரர் வந்தால், தமிழருக்கு உரிமை கிடைக்கட்டும், குழாய் தானாக வரும் என்பார்கள். அரசாங்கக் கட்சிக்காரர் வந்தால், எங்களுக்குப் போட்டால்தான் குழாய் என்பார்கள். இரண்டு பேரும் போனபின் நாங்கள் உவர்த்தண்ணீரில் முகம் கழுவுவோம். அதனால்தான் நீங்களும் சந்தியோகு அண்ணையும் சுயேச்சைக் குழு என்று புறப்பட்டபோது, சரி, ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

என் கோபம் வேறு. குழுவுக்கு ஆள் காணாது என்று தாளைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். நான் தையல் மெசினில் இருந்தேன். "உம்மடை பேர் கடைசியிலைதான், ஆள் நிரப்ப மட்டும்" என்றீர்கள். கால் மிதிப்பதை நிறுத்தாமலே கையெழுத்து வைத்தேன். அடுத்த நாள் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை வேட்பாளரம்மா என்று கூப்பிட்டுச் சிரித்தார். அதற்கடுத்த நாள் சிரிக்காத ஒருவர் வந்து எங்கள் வீடு எது என்று தெருவில் விசாரித்திருக்கிறார். எனக்கு ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறாள். ஆள் நிரப்புவதற்கு நான் என்ன, சாக்கா?

தேர்தல் முடியும்வரை இங்கேதான் இருப்பேன். முட்டையை மண்பானைக்குள் வைத்திருக்கிறேன். கரியடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.

லூர்த்தம்மா

*

குருநகர்,
15.4.83

அன்பின் லூர்த்துவுக்கு,

உமது கடிதத்தை இரண்டுமுறை வாசித்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஆரோ வந்துவிட்டார்கள். இப்போது விறாந்தையில் ஒருவரும் இல்லை.

உமது பெயரைச் சேர்த்தது பிழையென்றால் பிழைதான். ஆனால் சட்டம் அப்படி. ஒரு ஆள் தனியாக நிற்க முடியாது. சபை முழுவதற்கும் ஆட்களைக் காட்டவேண்டும். கட்சிகளுக்கு அது ஒரு பின்னேர வேலை. நாங்கள் வாசல் வாசலாக நடந்தோம். எங்களோடு சேர்ந்து பத்து வருடம் சங்கத்தில் கத்தியவர்கள், பேனையைக் கண்டதும் கிழிந்த வலை பொத்தவேண்டும் என்று எழும்பிப் போனார்கள்.

சின்னம் வந்துவிட்டது. மீன் கேட்டோம். இல்லையென்றால் வள்ளம் தாருங்கள் என்றோம். ஏணி தந்திருக்கிறார்கள். கடற்கரைச் சனத்துக்கு ஏணியால் என்ன வேலை என்று சந்தியோகு அண்ணை தேர்தல் கந்தோரிலேயே சண்டைக்குப் போனார். உமக்குத் தெரியும்தானே, மூன்று வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டியென்ற நினைப்பு அவருக்கு எங்கே போனாலும் கூடவே வரும். "கூரை ஒழுகிற ஆக்களுக்கு ஏணி தேவைதானே" என்றார் அலுவலர். அதற்குப்பிறகு அண்ணைக்கே அந்தச் சின்னம் பிடித்துவிட்டது. போகிற இடமெல்லாம் கூரைக் கதைதான்.

கனகலிங்கம் மாஸ்டர் வந்தார். பெரிய கட்சிக்கு இந்தப் பகுதியில் அவர்தானே பொறுப்பு. மெற்றில்டாவின் ஞானஸ்நானத்துக்கு வந்து உமது கையால் சாப்பிட்டவர். கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்தார்.

"செல்வரட்ணம், இது குழாயின்ரை தேர்தல் இல்லை. நீர் வாக்கைப் பிரிச்சால், எங்களுக்குள்ளை ஒற்றுமையில்லை எண்டு கொழும்பிலை சொல்லுவாங்கள்."

"ஓம் மாஸ்டர். எது குழாயின்ரை தேர்தல் எண்டு சொல்லுங்கோ, அதிலை நிக்கிறன்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து அரசாங்கக் கட்சியில் நிற்பவர் ஆள் அனுப்பினார். கடைசிக் கிழமையில் நாங்கள் அவருக்கு ஆதரவு என்று சொன்னால் இறங்குதுறைக்கு உடனே கல் நாட்டலாமாம். இரண்டு பக்கத்தாரும் எங்களைக் கேட்பது ஒன்றையே. விலகு.

வாசல்களில் அதே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்துவிட்டது. எல்லாரும் கேட்கிறார்கள். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். படலையைச் சாத்தும்போது, "நீங்கள் சொல்லுறது சரி தம்பி, ஆனால் வெல்லமாட்டியள்" என்கிறார்கள். சரி என்று தெரிந்தும் போடாத சனத்திடம் இனி எதைச் சொல்லுவது?

பிள்ளைக்குத் தலையிடி மறுபடி வந்தால் கொத்தமல்லி அவித்துக் கொடும். உமது மெசினுக்கு எண்ணெய் விட்டுத் துணியால் மூடி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
செல்வரட்ணம்

*

பேசாலை,
25.4.1983

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

கடிதமும் பிள்ளைக்கு அனுப்பிய சிலேட்டும் கிடைத்தன. அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டவேண்டுமென்று ஒரு தாளில் சுற்றி வைத்திருக்கிறாள்.

மாமா நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். ஒருவரும் வாக்களிக்கக் கூடாது, நிற்பவர்கள் எல்லாரும் விலகவேண்டும் என்று இயக்கப் பொடியள் மதிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். நீங்கள் உங்கள் கடிதத்தில் ஏணியைப் பற்றி எழுதினீர்கள், கூரையைப் பற்றி எழுதினீர்கள். இதை எழுதவில்லை. எனக்குப் பயம் வரக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். மற்றவர் வாயால் கேட்கும்போது இரண்டு மடங்காக வருகிறது.

கட்சிக்காரருக்கு வாசலில் பொலிஸ் நிற்கும். உங்களுக்கு யார் நிற்பார்கள்? சந்தியோகு அண்ணையா? அவர் மேகம் கறுத்தாலே வள்ளத்தைக் கரையில் ஏற்றுகிறவர்.

கருவாடு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். பாரையை முதலில் சமையுங்கள்.

லூர்த்தம்மா

*

குருநகர்,
2.5.83

அன்பின் லூர்த்துவுக்கு,

அரசாங்கக் கட்சி வேட்பாளர்கள் சுடப்பட்ட செய்தி உமக்கு வந்திருக்கும். அன்றைக்கு நாங்கள் ஆசுபத்திரி வீதியில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நின்றோம். ஒருவர் சைக்கிளில் வந்து காலை ஊன்றிச் செய்தியைச் சொல்லிவிட்டுப் போனார். கையில் மிச்சமிருந்த நோட்டீசை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தெருவில் போட மனம் வரவில்லை.

நேற்று விடிய என் கதவுக்குக் கீழேயும் ஒரு தாள் கிடந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் மக்கள் பக்கம் நிற்கிற ஆள் என்பது தங்களுக்குத் தெரியுமாம், ஆனால் இந்த அரசாங்கத்தின் தேர்தலில் நிற்பது ஆருக்கும் நல்லதல்லவாம். மாஸ்டர் சொன்னதும் இதுவும் ஒரே வாத்தியார் எழுதிக்கொடுத்த கட்டுரை மாதிரி இருந்தது. முடிவில் மட்டும்தான் வித்தியாசம்.

குழுவில் பாதிப்பேர் என்னைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் போகிறார்கள். சந்தியோகு அண்ணையின் மனுசி வந்து வாசலில் நின்று அழுதா.

விலகுவோம் என்று கந்தோருக்குப் போனேன். அலுவலர் பாவம், அவருக்கும் நித்திரையில்லை. நியமனப் பத்திரம் கொடுத்தபின் விலகச் சட்டத்தில் இடமில்லையாம். "வாக்குச்சீட்டு அச்சுக்குப் போட்டுது. நீங்கள் விலகினாலும் ஏணி விலகாது" என்றார். வேண்டுமென்றால் பத்திரிகையில் அறிவிக்கலாமாம்.

அறிவித்தால் இரண்டு பெரியவர்களுக்கும் தெருவைத் திறந்துவிட்டு ஓரத்தில் நிற்கிறவன் ஆவேன். அறிவிக்காவிட்டால் மற்றவர்களின் பெண்சாதி பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லவேண்டும். நான் களைத்துப்போனேன் லூர்த்து. உமது பெயரும் அதில் கிடக்கிறது. இந்தமுறை உம்மைக் கேட்டுத்தான் செய்வேன்.

செல்வரட்ணம்

*

பேசாலை,
5.5.1983

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

இன்றே பத்திரிகைக்குக் கொடுங்கள். என் பெயரும் வரவேண்டும், எழுத்துப் பிழையில்லாமல்.

இதைக் கடிதத்தில் நீட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளை பல்லைத் தொலைத்துவிட்டு அழுகிறாள்.

லூர்த்தம்மா

*

குருநகர்,
21.5.83

அன்பின் லூர்த்துவுக்கு,

அறிவித்தலை நீர் பார்த்திருப்பீர். மரண அறிவித்தல்களுக்குக் கீழே போட்டிருந்தார்கள். அதற்குப்பிறகு ஒருவரும் என்னிடம் வரவில்லை. நான் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாந்திகதி நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் தெருவே இல்லை. கடை இல்லை, சைக்கிள் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி, பொலிஸ்காரர் மரநிழலில் நின்றார்கள். நான் வாக்களிக்கப் போகவில்லை. வேலியால் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கத்தரீனா வாளியோடு போனா. பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்குத்தான் போகிறா என்று நினைத்தேன். பிறகு இன்னொரு பெண், அவளும் வாளியோடு. பிறகு மூன்று பேர். எல்லாருடைய கையிலும் வாளி. போகிறபோது வெறும் வாளி, வருகிறபோது தண்ணீர். ஆனால் வழமையைவிடச் சுணங்கித்தான் வந்தார்கள். மத்தியானம்வரை எனக்கு விளங்கவேயில்லை.

பின்னேரம் கந்தர்மடத்தில் ஒரு படையாளைச் சுட்டார்கள். அதற்குப்பிறகு பட்டாளம் அங்கே வீடுகளை எரித்தது. இங்கே நின்று புகையைப் பார்த்தோம். அன்றிரவு ஒருவரும் தேர்தலைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் முடிவு. நகரத்தில் வாக்களித்த சனம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் எங்கள் தெருப் பெண்கள் போட்டது பெரிதாகத் தெரிந்துவிட்டது. மிச்சமெல்லாம் பெரிய கட்சிக்கு. ஏணிக்கு ஒரு இடம்.

விலகிய ஆள் வென்றுவிட்டேன். சிரிப்பதா என்று தெரியவில்லை. மாஸ்டர் வந்தார். வாசலில் நின்றபடியே, "நாங்கள் மேடைபோட்டுக் கேட்டும் சனம் வெளிக்கிடேல்லை. நீர் போடாதையுங்கோ எண்டு பேப்பரிலை எழுதி வெண்டிருக்கிறீர்" என்றார். அவருடைய கண்ணில் பொறாமையில்லை, களைப்புத்தான் இருந்தது. எங்களோடு வந்து இருந்துவிடும், தனியாக இருந்து என்ன செய்வீர் என்றும் கேட்டார்.

இன்று விடிய மறுபடி ஒரு தாள் கிடந்தது. இந்தமுறை மரியாதை குறைவு.

செல்வரட்ணம்

*

குருநகர்,
7.6.83

அன்பின் லூர்த்துவுக்கு,

நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். சந்தியோகு அண்ணை கையெழுத்து வைத்த பிறகு கந்தோர் வாங்கிலேயே இருந்துவிட்டார், எழும்பமாட்டேன் என்றார். தண்ணீர் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தேன். அவருக்குப் பின்னால் மற்றவர்கள், ஒவ்வொருவராக. எல்லாரும் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியில் நிற்பது உமது பெயர்.

தபாலில் எடுக்கமாட்டார்களாம். நேரே வந்து அலுவலர் முன்னால் கையெழுத்து வைக்கவேண்டும். உம்மை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். இப்போது நான்தான் இங்கே நிற்கக்கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சங்கத்துக் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பேசாலைக்கு வருகிறேன். பிள்ளையோடு நான் இருக்கிறேன். நீர் போய்க் கையெழுத்தை வைத்துவிட்டு இரண்டு நாளில் திரும்பிவிடலாம். இத்தோடு இது முடியட்டும்.

செல்வரட்ணம்

*

குருநகர்,
16.6.1983

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

இரண்டு நாளில் வருவேன் என்று சொல்லிப் போனவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீங்கள் பதறியிருப்பீர்கள். நான் சுகம். பதறாமல் வாசியுங்கள்.

திங்கட்கிழமை அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்குப் போனேன். அலுவலர் லீவு, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். வீட்டைத் திறந்து கூட்டினேன். முகம் கழுவ வாளியை எடுத்தபோது கத்தரீனா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தா. சுகம் விசாரிக்கவில்லை.

"நீரும் எழுதிக் குடுக்கத்தானே வந்தனீர்?"

ஓம் என்றேன். எனக்குப் பிள்ளை இருக்கிறாள் என்றும் சொன்னேன்.

"எங்களுக்கும் பிள்ளையள் இருக்கு. வாளியைக் கொண்டு பயந்து பயந்து போய்ப் போட்டம். என்ரை மனுசனுக்கே தெரியாது. செல்வரட்ணத்துக்கெண்டு போடேல்லை, உமக்கெண்டும் போடேல்லை. இருவது வருசமாக் கட்சிக்குப் போட்டம், ஒருக்கால் எங்களுக்குப் போட்டுப் பாப்பமெண்டு போட்டம். இப்ப நீங்கள் எல்லாரும் விலத்தினால், நாங்கள் போட்டதை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அவ பதிலுக்கு நிற்காமல் படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டா. அன்றைக்கு முழுவதும் எனக்குச் சமைக்கவும் மனமில்லை. வேறு யாராவது அதைக் கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். கத்தரீனா ஒருநாளும் என்னிடம் ஒரு பிடி உப்புக்கூடக் கடன் கேட்காதவ.

செவ்வாய்க்கிழமை அலுவலர் இருந்தார். மேசையில் இரண்டு தாள் வைத்தார். ஒன்று பதவியை ஏற்க, மற்றது விட. எதற்குக் கூட நேரம் எடுக்கும் என்று கேட்டேன். "ரெண்டுக்கும் ஒரு கையெழுத்துத்தான் அம்மா" என்றார். இந்தமுறை இரண்டையும் ஆறுதலாக வாசித்தேன். பிறகு ஏற்கும் தாளில் வைத்தேன்.

கோபிக்கவேண்டாம் என்று எழுதமாட்டேன். கோபியுங்கள். பிள்ளைக்குத் தலை வாரும்போது சிக்கைக் கையால் எடுத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அழுவாள்.

லூர்த்தம்மா

*

பேசாலை,
21.6.83

லூர்த்துவுக்கு,

உமக்கு என்ன பிடித்தது? நான் சும்மா விட்டேனென்று நினைக்கிறீரா? ஒரு வருடம் அலைந்து, ஆள் சேர்த்து, அவமானப்பட்டு, பிறகு எல்லாருடைய உயிரையும் நினைத்துத்தான் விட்டேன். விடு என்று எழுதியது நீர். உமது கடிதம் என் பையில் இருக்கிறது.

ஒரு ஆள் சபையில் இருந்து என்ன செய்யலாம்? பெரிய கட்சி முழுச் சபையும் நிறைய இருக்கும். அவர்கள் எழும்பச் சொன்னால் எழும்பி, இருக்கச் சொன்னால் இருக்கிற வேலை. அதற்குப் போய் உயிரைக் கொடுப்பீரா?

பிள்ளை உம்மைக் கேட்கிறாள். மாமி என்னோடு கதைப்பதில்லை. நான் இங்கே ஆருடைய வள்ளத்திலோ கூலிக்குப் போகிறேன். என்னை இங்கே செயலாளர் என்று ஒருவருக்கும் தெரியாது. அது ஒரு நிம்மதிதான். உடனே எழுதிக் கொடுத்துவிட்டு வாரும்.

செல்வரட்ணம்

*

குருநகர்,
5.7.1983

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியது சரி. ஒரு ஆளால் ஒன்றும் செய்ய முடியாது. சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டேன்.

பெரிய மேசை, நல்ல கதிரைகள். எல்லாரும் என்னை எழும்பி நின்று வரவேற்றார்கள். கனகலிங்கம் மாஸ்டர் பார்வையாளர் வாங்கில் இருந்து தலையசைத்தார். கண்டனத் தீர்மானம் ஒன்று வாசித்தார்கள், பட்டாளம் வீடுகளை எரித்ததைப் பற்றி. நானும் கை உயர்த்தினேன், அது நியாயம்தானே. பிறகு வேறு ஏதும் உண்டா என்று கேட்டார்கள். நான் எழும்பி எங்கள் தெருக் குழாயைப் பற்றிச் சொன்னேன். கால் மெசின் மிதிப்பது மாதிரி ஆடியது, மேசை மறைத்துவிட்டது. குறித்துக்கொள்ளப்பட்டது என்றார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர்களுடைய முகத்தைப் பார்த்தேன். அவர்களுக்கும் விடிய விடியக் கதவுக்குக் கீழே தாள் வருகிறது. எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

நாலு நாளுக்குப்பின் இயக்கப் பொடியள் இரண்டு பேர் வந்தார்கள். சேர்ட்டை வெளியே விட்டிருந்தார்கள். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"அக்கா, ஒரு கிழமை தாறம். எழுதிக் குடுத்திடுங்கோ."

"எழுதிக் குடுக்கிறன் தம்பி. தெருவுக்குக் குழாய் வந்த அண்டைக்கே குடுக்கிறன்" என்றேன்.

"நாங்கள் நாட்டைக் கேக்கிறம். நீங்கள் குழாயைக் கேக்கிறியள்" என்றான் உயரமானவன். கோபமாகச் சொல்லவில்லை. விளங்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரிச் சொன்னான்.

"ஓம். நாட்டைக் கேக்கிற ஆக்கள் கனபேர் இருக்கினம். குழாயைக் கேக்க ஆளில்லை. அதுதான் நான் கேக்கிறன்."

மற்றவன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கிழமை என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். வீரமென்று ஒன்றும் இல்லை. திரும்பிப் போக எனக்குப் பஸ் பிடிக்கவும் சக்தியில்லை, அவ்வளவுதான்.

பிள்ளையைப் பத்திரமாகப் பாருங்கள்.

லூர்த்தம்மா

*

பேசாலை,
12.7.83

லூர்த்துவுக்கு,

கிழமை முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறீரா என்றுகூட எழுதவில்லை. ஒவ்வொரு யாழ்ப்பாணப் பஸ்சுக்கும் போய் நிற்கிறேன். நான் வந்தால் உமக்கு ஆபத்தென்கிறார்கள், வராவிட்டால் நான் என்ன மனிதன்?

என் சொல்லுக்கு உம்மிடம் ஒரு பெறுமதியும் இல்லையென்று விளங்குகிறது. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். இனி எழுதமாட்டேன். பிள்ளை சுகம்.

செல்வரட்ணம்

*

குருநகர்,
28.8.1983

என் அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் வந்த கையோடு பதில் எழுதத் தொடங்கினேன். அனுப்பவில்லை. பிறகு தபாலே இல்லாமல் போய்விட்டது. இப்போது பேசாலைக்குப் போகும் ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கிழமை முடிந்தும் அந்தப் பொடியள் வரவில்லை. ஏனென்று தெரியாது. மறந்தார்களோ, மனம் மாறினார்களோ, கேட்க ஆளில்லை. எங்கள் கோயில் பெருநாளன்றுதான் கொழும்பில் தமிழரை அடித்து வீடுகளை எரிக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பட்டாளம் சனத்தைச் சுட்டதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஊரடங்கு எடுத்தபின் காங்கேசன்துறைக்குக் கப்பல் கப்பலாக எங்கள் சனம் வந்து இறங்கியது. உடுத்த உடுப்போடு, சிலருக்குக் காலில் செருப்புமில்லை. எங்கள் பள்ளிக்கூடத்திலும் கொண்டுவந்து விட்டார்கள். வாக்குச்சாவடி இருந்த அந்த மண்டபத்தில் இப்போது குடும்பங்கள் இருக்கின்றன.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்துக் கிணறு வற்றிவிட்டது. பிள்ளைகள் அழுத சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நானும் கத்தரீனாவும் சபைக் கந்தோருக்கு நடந்தோம். தண்ணீர் பவுசர் லொறி முற்றத்தில் நிற்கிறது, டிறைவரும் நிற்கிறார். ஆனால் ஊருக்குள் விட ஒரு உறுப்பினர் கையெழுத்து வைக்கவேண்டுமாம். சபைச் செயலாளர் காலையிலிருந்து ஆள் அனுப்பித் தேடுகிறார், ஒருவரும் அகப்படவில்லை. பாவம், அவரவர் அவரவர் வீட்டுச் சனத்தைத் தேடிப் போயிருப்பார்கள். நான் முன்னால் போய் நின்றேன். அவருக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. "நான் ஏணி" என்றேன். அவர் பேனையைத் தந்தார்.

நான் சபை உறுப்பினராகச் செய்தது அது ஒன்றுதான். அதற்குப்பிறகு தினமும் காலையில் போய்க் கையெழுத்து வைத்தேன், தினமும் பவுசர் வந்தது. எங்கள் தெருவுக்கும் மிச்சம் கிடைத்தது. நல்ல தண்ணீர். கனகலிங்கம் மாஸ்டரின் தங்கை குடும்பமும் கப்பலில் வந்தவர்கள்தான். அவர் வாளியோடு வரிசையில் நின்றார். என்னைக் கண்டு தலையசைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பெரிய வெற்றி என்று எழுதவில்லை. குழாய் வரவில்லை, இனி வரப்போவதுமில்லை. சபை கூடுவதில்லை. நீங்கள் கேட்டபடி போன கிழமை ராஜினாமா எழுதிக் கொண்டுபோனேன். எவரிடம் கொடுப்பதென்று செயலாளருக்கே தெரியவில்லை. வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். பாதிச் சனம் இப்போது தேர்தல் நடந்ததையே மறந்துவிட்டது. எனக்கு அதில் மனவருத்தமில்லை.

நான் உங்கள் சொல்லை மதிக்காமல் இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னதை அந்தப் பெண்கள் நம்பினார்கள். நீங்கள் நிறுத்திய இடத்தில் நான் கொஞ்சநேரம் நின்றேன், அவ்வளவுதான். இதை முன்பே எழுதியிருக்கவேண்டும். எழுத வரவில்லை.

இனி எழுதமாட்டேன் என்று எழுதினீர்கள். எழுதவேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்களைத் தேடுவோர் இப்போது இல்லை, எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. பொழுதுபட முன்னம் வந்து சேரும் பஸ்சில் ஏறுங்கள்.

பகலிலும் கதவைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். தட்டினால், ஆர் என்று கேட்பேன். நான் என்று சொல்லவேண்டாம். இந்த நாளில் வருகிற எல்லாரும் நான் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லித் தட்டுங்கள்.

உங்கள்
லூர்த்து